ஓலையும் நாரும் சோறு போடுமா?
மிஷின் வாங்கும் முன் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

வேடசந்தூர் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். 'இரண்டு ஏக்கர் மானாவாரி நிலம். நிலக்கடலையும் சோளமும் போடுகிறோம். அறுவடை முடிந்தால் அடுத்த மழை வரை கையில் வேலை இல்லை. வாழைநார் உரிக்கும் மிஷின் வாங்கினால் வீட்டிலிருந்தே கூடை, பை செய்து விற்கலாம் என்கிறார்கள். நகையை அடகு வைத்து வாங்கலாமா?'

கடைசி வரிக்காகத்தான் இந்தக் கட்டுரை.

பதினைந்து ஆண்டுகளுக்கு முன், இதே மாதிரி ஒரு கைவினைப் பயிற்சிக்கு முப்பது பெண்களை அழைத்துப் போனவர்களில் நானும் ஒருவன். பத்து நாள் பயிற்சி, சான்றிதழ், போட்டோ எல்லாம் நன்றாகவே நடந்தது. பெண்களும் அழகாகச் செய்தார்கள். வாங்க மட்டும் ஆள் வரவில்லை. ஓர் ஆண்டு கழித்து அந்த ஊருக்குப் போனபோது, மிஷின் தார்ப்பாய்க்குள் துருப்பிடித்துக் கிடந்தது. 'சார், இதை எங்கே விற்கிறது?' என்று ஓர் அம்மா கேட்டார். கூடையைக் கேட்டாரா, மிஷினைக் கேட்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கற்றுக்கொடுப்பது பாதி வேலை கூட இல்லை என்பதை அன்றுதான் புரிந்துகொண்டேன்.

நம் ஊர் அறிந்த பாடம்

நான் குடியிருக்கும் நாகல் நகர் நெசவாளர் பகுதி. கைத்தொழிலால் குடும்பம் நடத்தலாம் என்பதும், சந்தை கைவிட்டால் அதே தொழில் காலை வாரும் என்பதும் இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. மதுரை சாலையில் கொஞ்ச தூரம் போனால் சின்னாளபட்டிக்கு அருகே காந்திகிராமம். டாக்டர் சௌந்தரம் அம்மாவும் ஜி. ராமச்சந்திரனும் 1947-ல் தொடங்கியது. கதர், சோப்பு, மூலிகை மருந்து என்று கிராமத் தொழில்களை அங்கே வளர்த்தார்கள். விவசாயிக்கு ஆண்டு முழுக்க வேலை கிடையாது. வேலையில்லாத மாதங்களில் கைத்தொழில் சோறு போட வேண்டும் என்பதே காந்தியடிகளின் கணக்கு. அந்தச் சகோதரியின் கடிதத்தில் இருப்பதும் அதே கணக்குத்தான்.

செட்டிநாட்டுக் கொட்டான்

இதைச் சரியாகச் செய்த ஓர் உதாரணம் காரைக்குடிப் பக்கம் இருக்கிறது. செட்டிநாட்டு வீடுகளில் கல்யாணச் சீருக்குப் பனங்குருத்தில் முடைந்த கொட்டான் வைப்பது வழக்கம். பிளாஸ்டிக்கும் எவர்சில்வரும் வந்த பிறகு வழக்கம் குறைந்தது. முடையத் தெரிந்த வயதான ஆச்சிகள் சிலரே மிஞ்சினார்கள். விசாலாட்சி ராமசாமி தொடங்கிய எம்.ஆர்எம்.ஆர்எம். கலாசார அறக்கட்டளை அந்த ஆச்சிகளிடமிருந்து தொழிலைக் கற்று, சுற்றுக் கிராமத்துப் பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்தது. இது லாப நோக்கமில்லாத அமைப்பு.

பயிற்சியோடு அவர்கள் நின்றுவிடவில்லை. ஓலைக்குச் சாயம் ஒரே சீராக ஏறுகிறதா, அளவு பிசகாமல் இருக்கிறதா என்று பார்த்தார்கள். இன்றைய வீடுகளுக்கு ஏற்ற வடிவங்களைச் சேர்த்தார்கள். வெளியூர் வாடிக்கையாளரைத் தேடிப் பிடித்தார்கள். இப்போது செட்டிநாட்டுக் கொட்டானுக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. பெண்கள் ஓலையைப் பார்த்துக்கொண்டார்கள், சந்தையை அமைப்பு பார்த்துக்கொண்டது.

ஆப்பிரிக்காவிலும் இதே கதை

ஆப்பிரிக்காவில், கானா நாட்டின் வடகோடியில் போல்கடாங்கா என்ற ஊர் இருக்கிறது. ஆண்டுக்கு ஒரே ஒரு மழைக்காலம். கம்பு, சோளம், நிலக்கடலை பயிரிடுகிறார்கள். அசல் நம் வேடசந்தூர், குஜிலியம்பாறைதான்! மழை நின்ற மாதங்களில் அங்குள்ள பெண்கள் புல்லில் கூடை முடைகிறார்கள். நியாய வணிக அமைப்புகள் மூலம் அது ஐரோப்பா, அமெரிக்கா வரை போகிறது. பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கும், பஞ்ச மாதங்களில் தானியம் வாங்கவும் அந்தப் பணம் உதவுகிறது. ஆனால் ஒரு சிக்கல். கூடைக்கான புல் உள்ளூரில் அருகிப்போய், இப்போது நாட்டின் தென்பகுதியிலிருந்து லாரியில் வருகிறது. வருமானத்தில் ஒரு பங்கைப் புல்லே தின்றுவிடுகிறது.

கென்யாவில் கம்பா இனப் பெண்கள் கற்றாழை நாரில் 'கியோண்டோ' என்ற பை பின்னுவார்கள். வெளிநாடுகளில் அதற்கு நல்ல பெயர் கிடைத்தது. 1980-களில் ஆசிய ஆலைகள் அதே மாதிரிப் பையை மலிவாகச் செய்து குவித்தன. கையால் பின்னியவர்களின் வியாபாரம் அடிவாங்கியது. பெயருக்குப் பாதுகாப்பு இல்லாவிட்டால் இதுதான் நடக்கும்.

மூன்று கேள்விகள்

1. மூலப்பொருள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? நிலக்கோட்டை, வத்தலக்குண்டு, பழனிப் பக்கம் வாழை இருக்கிறது. மானாவாரி ஊரில் மிஷின் வாங்கி வைத்துவிட்டு, தண்டை வேனில் ஏற்றி வந்தால் கட்டாது. தண்டின் பெரும்பகுதி தண்ணீர்தான். வண்டி வாடகை தண்ணீருக்குத்தான் போகும்.

2. யார் வாங்குவார்? 'வாங்கிக்கொள்கிறோம்' என்ற வாய்ச்சொல் போதாது. எத்தனை உருப்படி, என்ன விலை, எத்தனை நாளில் பணம் என்று எழுத்தில் வேண்டும். மிஷினை விற்பவரே பொருளையும் வாங்கிக்கொள்வதாகச் சொன்னால், ஏற்கெனவே அவருக்குக் கொடுத்துக்கொண்டிருக்கும் இரண்டு குழுக்களை நேரில் போய்ப் பாருங்கள்.

3. மணிக்கு எவ்வளவு நிற்கிறது? ஒரு கூடைக்கு 150 ரூபாய் தருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பொருளும் சாயமும் 40 ரூபாய். மிச்சம் 110. முடைய 5 மணி நேரம் ஆனால், மணிக்கு 22 ரூபாய். எட்டு மணி நேரத்துக்கு 176 ரூபாய். உங்கள் ஊர்க் களையெடுப்புக் கூலியோடு இதை ஒப்பிடுங்கள். களை வேலை இருக்கும் நாளில் இது நஷ்டம். வேலையே இல்லாத நாளில் இது வரவு. அதனால் விதைப்பு, அறுவடைக் காலத்தில் ஆர்டரை ஒப்புக்கொள்ளாதீர்கள்.

அந்தச் சகோதரிக்கு என் பதில்: நகையை அடகு வைக்க வேண்டாம். உங்கள் ஊர்க் கண்மாய்க்கரையில் பனை இருந்தால் முதலில் ஓலையில் தொடங்குங்கள். அதற்கு மிஷின் வேண்டாம். கத்தியும் கையும் போதும். தனியாக இறங்காமல் மகளிர் சுய உதவிக் குழுவாக இறங்குங்கள். ஒரு பருவம் செய்து, கணக்கு நோட்டு எழுதிப் பாருங்கள். நோட்டு சொல்லும், மேலே போகலாமா வேண்டாமா என்று.

வாசகர் கேள்விகள்

கேள்வி: குருத்து வெட்டினால் பனை பட்டுப்போகுமா?

பதில்: அளவாக வெட்டினால் போகாது. பனை மாதத்துக்கு ஏறக்குறைய ஓர் ஓலைதான் விடும். ஒரு குருத்தை எடுத்தால் அடுத்து வரும் இரண்டு, மூன்று ஓலைகளை விரிய விடுங்கள். பனைக்கு வளரும் நுனி ஒன்றே ஒன்றுதான். கத்தி அதில் படக்கூடாது. காயத்தின் வாசனைக்குச் சிவப்புக் கூன்வண்டு வரும். பனையை அடியோடு வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டிலேயே அறிவித்துவிட்டார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

கேள்வி: எங்களிடம் வாழை இருக்கிறது. மிஷின் இல்லாமல் ஏதாவது செய்யலாமா?

பதில்: செய்யலாம். தார் வெட்டிய பின் தண்டின் பட்டையை உரித்து, வெயிலில் காயவைத்து, கயிறாகத் திரித்துக் கூடை பின்னலாம். பெங்களூரைச் சேர்ந்த இண்டஸ்ட்ரீ அறக்கட்டளையின் முயற்சியில், தமிழ்நாட்டுப் பெண்கள் வாழைப்பட்டைக் கூடை செய்து ஐக்கியா நிறுவனத்துக்கே அனுப்பியிருக்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் பட்டை பூசணம் பிடிக்கும். அதற்கு முன்பே காயவைத்து இருப்பு வையுங்கள். வாடல் நோய் கண்ட தோட்டத்துத் தண்டை அடுத்த தோட்டத்துக்குக் கொண்டுபோகவே கூடாது.