உடல் குட்டையானால் போதுமா?

கணினியில் பறக்கும் போயிங் 737-800 மாதிரியை 737-700 ஆக மாற்றுவது எளிது என்றே முதலில் தோன்றும். இறக்கையின் அடிப்படை அமைப்பு ஒன்றே. சிஎஃப்எம்56-7பி எஞ்சின் குடும்பமும் ஒன்றே. உடல் மட்டும் 39.5 மீட்டரிலிருந்து 33.6 மீட்டராகச் சுருங்குகிறது. படத்தைச் சுருக்கி, எடையையும் குறைத்தால் போதாதா? போதாது. ஒரு பொருளைச் சுழற்றுவது எவ்வளவு கடினம் என்பதை எடை மட்டும் முடிவு செய்வதில்லை; அந்த எடை மையத்திலிருந்து எவ்வளவு தள்ளிப் பரவியிருக்கிறது என்பதும், அதிலும் தூரத்தின் இருமடியாக, கணக்கில் வருகிறது. உடலைச் சீரான தண்டாக எண்ணினால், எடை மாறாமலே இந்தச் சுழற்சித் தடை, அதாவது நிலைமத் திருப்புத்திறன், ஏறத்தாழ 28 சதவீதம் குறையும். பழைய எண்ணை அப்படியே விட்டால், குட்டை விமானம் நெட்டை விமானத்தின் மந்தத்தோடு மூக்கைத் தூக்கும். வால் மையத்தை நெருங்குவதால் அதன் நெம்பும் ஆற்றலும் குறைகிறது என்பதையும் மறக்கக் கூடாது. இரண்டையும் சேர்த்தே திருத்த வேண்டும்.

வீட்டுக் கணினியில் இவ்வளவு நுணுக்கம் யாருக்குத் தெரியப்போகிறது என்று கேட்கலாம். ஓடுபாதையிலேயே தெரிந்துவிடும். 737-800 சுமார் 11 பாகை மூக்கை உயர்த்தினாலே வால் தரையில் உரசும். 737-700-க்கு அந்த வரம்பு 15 பாகையை நெருங்குகிறது. மென்பொருளோ படத்தைப் பார்த்து இதை அறிவதில்லை. விமானம் தரையைத் தொடக்கூடிய இடங்களாக அமைவுக் கோப்பில் எழுதிய தொடுபுள்ளிகளை மட்டுமே அது நம்புகிறது. அவற்றைத் திருத்தாவிட்டால், கண்ணுக்குத் தெரியாத பழைய வால் ஒன்று ஓடுபாதையில் உரசும்.