நாய்க்குட்டிக்கு ‘செர்ட்’ உண்டா? பணம் கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை

“குட்டியை இப்போ கொண்டு போங்க, செர்ட் பிறகு வரும்.”

தூய இன நாய்க்குட்டி வாங்கப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. அதை நம்பிக் கூடுதல் விலை கொடுத்து வாங்கியவர்களில் சிலர், குட்டி வளர்ந்து வாசலில் காவலுக்குப் படுத்த பிறகும் அந்தச் சான்றிதழைக் கண்ணால் கண்டதில்லை. ‘அவர் தராவிட்டால் என்ன, நாமே சங்கத்திற்குப் போய்ப் பதிந்துகொள்ளலாம்’ என்று நினைப்பார்கள். சிக்கலே அங்குதான்.

மலேசியாவில் தூய இன நாய்களுக்குப் பதிவேடு வைத்திருக்கும் முதன்மை அமைப்பு, எம்.கே.ஏ. எனப்படும் மலேசிய கென்னல் சங்கம். 1925-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட இச்சங்கம், பெல்ஜியத்தில் தலைமையகம் கொண்ட எப்.சி.ஐ. என்ற அனைத்துலகக் கூட்டமைப்போடு இணைந்தது.

நாயைக் கூட்டிச் சென்று காட்டினால், “ஆமாம், இது நல்ல அல்சேஷன்தான்” என்று பார்த்துவிட்டு எழுதித் தரும் தாளல்ல வம்சாவளிச் சான்றிதழ். தாய் நாயும் தகப்பன் நாயும் ஏற்கெனவே பதிவில் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே இனமாக இருக்க வேண்டும். குட்டி போட்டதும், அந்த ஈற்றில் பிறந்த குட்டிகள் அனைத்தையும் சங்கத்தில் பதியும் பொறுப்பு தாய் நாயை வைத்திருப்பவருடையது. அதற்குக் காலக்கெடு உண்டு. இணை சேர்த்ததை உறுதிப்படுத்தித் தகப்பன் நாயின் உரிமையாளரும் ஒப்பமிட வேண்டும். ஆக, குட்டியை விலைக்கு வாங்கியவர் எத்தனை முறை நடந்தாலும் இந்த வேலையைச் செய்ய முடியாது. பெற்றோர் பதிவில் இல்லையென்றால், வளர்ப்பவரே நினைத்தாலும் முடியாது.

மூன்று தலைமுறை காட்டும் சான்றிதழில் பெற்றோர் இருவர், பாட்டன் பாட்டிமார் நால்வர், அவர்களுக்கும் மேலே எண்மர் என 14 பெயர்கள் இருக்கும். நம்மில் எத்தனை பேரால் சொந்தக் குடும்பத்தில் பதினான்கு பேரைப் பெயர் சொல்லி அடுக்க முடியும் என்பது வேறு கதை. நெருங்கிய உறவில் இணை சேர்த்திருக்கிறார்களா என்பதையும் இந்தப் பெயர்களை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும். ஒரே பெயர் இரண்டு மூன்று இடங்களில் வந்தால் காரணம் கேளுங்கள்.

சிலர் தாய், தகப்பன் நாய்களின் சான்றிதழை நகலெடுத்துக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அது பெற்றோரின் தாள், குட்டியின் தாளல்ல. குட்டிக்கென்று தனிப் பெயரும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். மைக்ரோசிப் எண்ணையும் கேளுங்கள். அரிசி மணி அளவே உள்ள அந்தச் சிப்பைத் தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கு அடியில் ஊசியால் செலுத்துவார்கள். அனைத்துலகத் தரப்படி அதில் 15 இலக்கங்கள் இருக்கும். பணத்தைக் கொடுக்கும் முன் கால்நடை மருத்துவரிடம் ஸ்கேன் செய்து, தாளில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சில நிமிட வேலைதான்.

சான்றிதழ் கைக்கு வந்தாலும், உரிமை மாற்றம் செய்யும் வரை பதிவேட்டில் பழைய உரிமையாளரின் பெயரே இருக்கும். விற்பவர் ஒப்பமிட்ட உரிமை மாற்றப் பாரத்தையும் அன்றே வாங்கிவிடுவது நல்லது. பிறகு அவர் தொலைபேசியை எடுக்கிறாரோ இல்லையோ! ‘பிறகு வரும்’ என்று அவர் உறுதியாகச் சொன்னால், எந்தத் தேதிக்குள் வரும், வராவிட்டால் எவ்வளவு பணம் திரும்பக் கிடைக்கும் என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்குகிறவரிடம் செர்ட்டுக்கான விலையைக் கொடுக்க வேண்டாம்.

இன்னொன்று: இந்தத் தாள் வம்சத்தைச் சொல்லுமே தவிர, உடல்நலத்தைச் சொல்லாது. ஜெர்மன் ஷெப்பர்ட் நாய்களுக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாக வருவதுண்டு. பெற்றோருக்கு இடுப்பு எக்ஸ்ரே எடுத்தார்களா என்று தனியே கேட்க வேண்டும். தடுப்பூசி அட்டையும் வேறு.

ஊராட்சி மன்ற லைசென்ஸும் வேறுதான். சங்கத்தில் பதிந்துவிட்டதால் லைசென்ஸ் தேவையில்லை என்பது தவறான எண்ணம். எத்தனை நாய் வளர்க்கலாம், பக்கத்து வீட்டார் சம்மதம் வேண்டுமா என்பதெல்லாம் இடத்துக்கு இடம் மாறும். ரோட்வெய்லர், டோபர்மேன், ஜெர்மன் ஷெப்பர்ட் போன்றவை கட்டுப்பாட்டுக்குரிய இனங்கள். பிட்புல், ஜப்பானிய டோசா, அகித்தா, டோகோ அர்ஜென்டினோ போன்றவையோ கால்நடைச் சேவைத் துறையின் தடைப் பட்டியலில் உள்ளவை. எவ்வளவு அழகான சான்றிதழைக் காட்டி விற்றாலும் அவற்றை வாங்கிச் சிக்கிக்கொள்ளாதீர்கள்.

காவலுக்கும் துணைக்கும் மட்டும் நாய் தேடும் குடும்பத்துக்குச் சான்றிதழே தேவையில்லை. நாய்க் கண்காட்சியில் இறக்கவோ, முறைப்படி இனப்பெருக்கம் செய்யவோ நினைப்பவருக்குத்தான் அது அவசியம். தோட்டத்து லயங்களில் தலைமுறை தலைமுறையாகக் குரைத்துக் காவல் காத்த நாட்டு நாய்களுக்கு எந்தப் பதிவேட்டிலும் பெயர் இல்லை. ஆனால் ஊராட்சி மன்ற லைசென்ஸும் தடுப்பூசியும் அவற்றுக்கும் உண்டு.