பச்சைச் சுவர், மர நாற்காலி, தாத்தா

பாஸ்டனுக்கு லீவில் போகிறவர்கள் ஹார்வர்டு, மியூசியம், திமிங்கலம் பார்க்கும் படகு என்று பட்டியல் போடுவார்கள். உங்கள் வீட்டில் யாருக்கும் பேஸ்பால் பிடிக்காது என்றாலும் அதில் ஃபென்வே பார்க்கையும் சேர்த்துக்கோங்க என்பேன். 1912 ஏப்ரல் 20 அன்று முதல் மேஜர் லீக் ஆட்டம் நடந்த மைதானம் இது. மேஜர் லீக் மைதானங்களில் இன்றைக்கும் பயன்பாட்டில் இருப்பவற்றில் இதுதான் ரொம்பப் பழசு. டைட்டானிக் மூழ்கி அப்போது ஐந்தே நாள்தான் ஆகியிருந்தது. ஊரே அந்தச் சோகத்தைப் பேசிக்கொண்டிருந்ததால் புது மைதானத்தைப் பற்றிய செய்தி அமுங்கிப்போச்சு.

நாங்கள் நான்கு பேர் போனோம்: நான், கணவர், பத்து வயது மகன், திருவல்லிக்கேணியிலிருந்து மூன்று மாதம் தங்க வந்திருந்த மாமனார். அவர் சேப்பாக்கம் மைதானத்துக்கு நடந்தே போய் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர். "மாமா, சேப்பாக்கம் 1916. இது நாலு வருஷம் மூத்தது" என்று சொன்னேன். அதன் பிறகுதான் அவருக்கு இந்த இடத்தின் மேல் ஒரு மரியாதை வந்தது.

ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே போய்விடுங்கள். வாசலில் இருக்கும் ஜெர்சி தெருவில் வண்டிகளை நிறுத்திவிட்டு, டிக்கெட் வைத்திருப்பவர்களை மட்டும் விடுகிறார்கள். தெருவே திருவிழா மாதிரி இருக்கும். வெங்காயமும் குடைமிளகாயும் போட்டு சாசேஜ் வாட்டும் வாசனை மூக்கைத் துளைக்கும். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ப்ரெட்சல், பிரெஞ்சு ஃப்ரைஸ், வேர்க்கடலை உண்டு. உள்ளே படியேறி இறங்கிக் கூவி விற்பவர்களைப் பார்த்து மாமனார், "நம்ம மெரினா சுண்டல்காரப் பசங்க மாதிரியே இருக்காங்கம்மா" என்றார்.

இடது பக்கம் நிற்கும் 37 அடி உயரப் பச்சைச் சுவரை ஃபோட்டோவில் பார்த்திருப்பீர்கள். 'கிரீன் மான்ஸ்டர்' என்பார்கள். அந்தப் பக்கம் தெரு குறுக்கே வருவதால் மைதானத்தை நீட்ட இடமில்லை, அதனால் சுவரை உயர்த்தினார்கள். அதன் அடியில் இருக்கும் ஸ்கோர்போர்டில் இன்னமும் ஆட்கள் கையால்தான் எண் பலகை மாட்டுகிறார்கள். எங்கள் மரநாற்காலிகள் 1934இல் போட்டவை. முட்டி முன் சீட்டில் இடிக்கும். "அதே வருஷம்தான் சேப்பாக்கத்தில முதல் டெஸ்ட் மேட்ச்" என்றார் மாமனார்.

என் மகன் சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்குப் போகிறான். வீட்டில் தமிழில் கேட்டால் இங்கிலீஷில்தான் பதில் வரும். உங்களில் பலருக்கு இந்தக் கதை தெரிந்ததுதான். மாமனாருக்கு இங்கிலீஷ் நன்றாகத் தெரியும், பேரனின் வேகமும் உச்சரிப்பும்தான் பிடிபடாது. அந்தக் கூச்சலில் இரண்டு தடவை "என்னப்பா?" என்று கேட்டார். வேறு வழியில்லாமல் பையன் தமிழுக்கு மாறினான்.

"மூணு அவுட் ஆனா டீம் மாறும் தாத்தா. சுத்தி ஓடி வீட்டுக்கு வந்தாதான் ஒரு ரன்."

"வீட்டுக்கா?"

"அங்க, அந்த வெள்ளை பிளேட். அதான் வீடு. இப்ப பாருங்க, அவர் ரெண்டாவது பேஸைத் திருடப் போறார்."

தாத்தா சிரித்த சிரிப்பில் முன் வரிசைக்காரர் திரும்பிப் பார்த்தார். ஒரு பந்து கூட்டத்துக்குள் வந்து விழ, பிடித்தவர் அதைப் பையில் போட்டுக்கொண்டார். "திருப்பிக் கொடுக்க வேண்டாமா?" என்று கிரிக்கெட் மனிதர் பதறினார். "வெச்சுக்கலாம் தாத்தா, அவருக்குத்தான்!" பேஸ்பாலில் பந்துக்குப் பந்து இடைவெளி உண்டு. மெதுவான ஆட்டம் என்று நானே அலுத்துக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு அந்த இடைவெளிகளில்தான் அவர்கள் பேச்சு ஓடியது.

வலது பக்க மாடி முகப்பில் பெரிய வீரர்களின் எண்கள் வரிசையாக இருக்கின்றன. எல்லாம் சிவப்பு, 42 மட்டும் நீலம். ஏன் என்று பையன் கேட்டான். அது ஜாக்கி ராபின்சன் எண். 1945இல் அவர் இதே மைதானத்துக்கு வந்து திறமையைக் காட்டினார். கறுப்பினத்தவர் என்பதால் ரெட் சாக்ஸ் எடுக்கவில்லை. 1947இல் அவர் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காக மேஜர் லீக்கில் ஆடத் தொடங்கினார். மேஜர் லீக்கில் கடைசியாக, 1959இல்தான் இந்த அணி பம்ப்ஸி கிரீன் என்ற கறுப்பின வீரரை ஆடவிட்டது. அந்தக் கால முதலாளி யாக்கியின் பேரில் இருந்த வாசல் தெருவுக்கு 2018இல் பழைய பெயரான ஜெர்சியையே திருப்பி வைத்தார்கள். இதை நான் பாதி இங்கிலீஷில் சொல்ல, பையன் தாத்தாவுக்குத் தமிழில் சொன்னான். 'ஒதுக்கிட்டாங்க' என்ற சொல் அவனுக்கு எங்கிருந்து கிடைத்ததோ! மாமனார் கொஞ்ச நேரம் எதுவும் பேசாமல் அந்த நீல எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எட்டாவது இன்னிங்ஸ் நடுவில் 'ஸ்வீட் கேரோலைன்' பாட்டுக்கு மொத்தக் கூட்டமும் எழுந்து பாடும். தூக்கக் கலக்கத்தில் இருக்கும் குழந்தைகளை அதுவரை தாக்காட்டுங்கள். அன்று ரெட் சாக்ஸ் தோற்றது. அதற்காகப் பாட்டின் சத்தம் ஒன்றும் குறையவில்லை.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. பார்க்கிங் பர்ஸைக் காலி செய்துவிடும், கிரீன் லைன் ரயிலில் கென்மோரில் இறங்கி நடந்துவிடுங்கள். ஏப்ரல், மே மாத இரவுகளில் குளிர் வாட்டும், பெரியவர்களுக்கு ஜாக்கெட் அவசியம். பழைய கட்டடம், நிறைய இரும்புத் தூண்கள். டிக்கெட் வாங்கும்போது உங்கள் சீட்டை ஏதாவது தூண் மறைக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.