பிடியரிசியும் தொலைபேசி அறவீடும்

இலங்கையில் மனம் உடைந்து தவிப்பவர் 1926 என்ற இலக்கத்தை அழைத்தால், தேசிய மனநல நிறுவகத்தில் பயிற்சி பெற்ற ஒருவர் மறுமொழி தருகிறார்; இதற்கு நெடுங்காலம் முன்னரே, 1974இல், கொழும்பில் தொடங்கிய சுமித்ரயோ அமைப்பின் தொண்டர்கள் இப்பணியைச் செய்துவருகின்றனர். இத்தகைய சேவைக்குக் கருவிகளைவிட, விழித்திருந்து காதுகொடுக்கும் மனிதர்களே இன்றியமையாதவர்கள் என்பதால், அதற்கு நிலையான வருவாய் வேண்டும்.

ஐக்கிய அமெரிக்காவில் 2020ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, 988 என்ற இலக்கத்தை இதற்கென ஒதுக்கியதோடு, தொலைபேசி இணைப்புகள்மீது சிறு கட்டணம் விதிக்கவும் மாநிலங்களுக்கு இடமளித்தது. முதலில் விதித்த வர்ஜீனியா, மாதப் பட்டியலில் பணம் கட்டும் கைத்தொலைபேசி ஒன்றுக்கு மாதம் 12 சதம் என வகுத்தது. எல்லா மாநிலங்களும் இவ்வழியை ஏற்கவில்லை. எனினும் தொகையின் சிறுமையைவிட, அது இச்சேவைக்கு மட்டுமே செல்லவேண்டும் என்ற கட்டுப்பாடே இதில் வியப்புக்குரியது. யாழ்ப்பாணத்து வீடுகளில் உலை வைக்கும்போது, அளந்த அரிசியில் ஒரு பிடியை எடுத்து வேறொரு முட்டியில் இட்டு, கோயிலுக்கோ பள்ளிக்கூடத்துக்கோ கொடுத்த பிடியரிசி வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இதன் நுட்பம் எளிதில் விளங்கும்: அந்த ஒரு பிடி உலையில் குறைந்தது எவருக்கும் தெரியாது, ஆனால் வீட்டில் அரிசி முடிந்த நாளிலும் அந்த முட்டியில் கை வைக்க மனம் வராது.

இலங்கையில் பிடி எடுக்கப்படுகிறது, முட்டிதான் இல்லை. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ கடையில் ரீலோட் செய்து பேசுபவர், 2011ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் வந்த தொலைத்தொடர்பு அறவீட்டைச் செலுத்துகிறார். 2022 ஜூன் மாதம் அது 11.25 சதவீதத்திலிருந்து 15 சதவீதமாக உயர்ந்தபோதும், அவ்வுயர்வில் ஒரு சிறு பங்கேனும் இவ்வழைப்புகளுக்கெனப் பிரித்து வைக்கப்படாதது வருந்தத்தக்கது. பிள்ளைகள் கனடாவிலும் இலண்டனிலும் இருக்க, தொடர்மாடியில் தனித்திருக்கும் தாயொருவர் நள்ளிரவில் அழைக்கும்போது, மறுமுனையில் தமிழ் பேசுபவர் இருக்கவேண்டுமானால், அவரது இரவுக் கடமைக்கான சம்பளம் ஆண்டுதோறும் தவறாது வந்தாக வேண்டும். அதைக் கொடையாளரின் மனநிலைக்கு விட்டுவிடுவது அறமாகாது.

அறவீட்டுப் பணம் திரட்டு நிதியத்தில், அதாவது அரசின் பொது வருமானமெல்லாம் ஒன்றுசேரும் கணக்கில், கலந்துவிடுகிறது. ஆயினும் அந்நிதியத்தை அமைக்கும் அரசியலமைப்பின் 149ஆம் உறுப்புரையே, குறித்த நோக்கங்களுக்கெனச் சட்டத்தால் ஒதுக்கப்படாத நிதிகளே அதனுள் சேரும் என்று வரையறுக்கிறது. ஆகவே தனி முட்டி வைப்பதற்கு அரசியலமைப்பு தடையன்று, 2011ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தும் நாடாளுமன்றத்தின் விருப்பமே தேவைப்படுகிறது.