ஜீப்புக்குப் பின்னால் வந்த தொட்டி

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், பட்லர் என்ற ஊரில் இருந்த பான்டம் கம்பெனிதான் 1940இல் முதல் ஜீப்பைச் செய்து ராணுவத்திடம் ஒப்படைத்தது. பெரிய ஆர்டர்களோ வில்லிஸ், ஃபோர்டு கம்பெனிகளுக்குப் போய்விட்டன. பான்டமுக்கு மிஞ்சியது ஜீப் இழுத்துச் செல்லும் சின்ன டிரெய்லர். ஆறுதல் பரிசுதான் என்றாலும், இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் 70,000க்கும் மேற்பட்ட டிரெய்லர்கள் அங்கிருந்து வெளியேறின.

இரண்டு சக்கரம், லீஃப் ஸ்பிரிங், அதன்மேல் இரும்புத் தகட்டுத் தொட்டி. வண்டி அவ்வளவுதான். ஜீப்பின் சக்கரமே இதற்கும் பொருந்தியதால் ஒரே ஸ்டெப்னி இரண்டுக்கும் உதவியது. தொட்டியில் தண்ணீர் புகாது. ஆறு குறுக்கிட்டால் மிதந்தே கரையேறும். உள்ளே தேங்கும் மழைநீரை வடிக்கத் தரையில் மூடி வைத்த துளைகள் உண்டு. பிற்காலத்தில் எம்151 ஜீப்புக்கென வந்த எம்416 டிரெய்லரும் இதே வார்ப்புதான். மேடுபள்ளத்தில் அது சுமக்கக்கூடிய எடை 500 பவுண்டு, சுமார் 227 கிலோ.

ராணுவம் கழித்துவிட்ட இந்த டிரெய்லர்களை அமெரிக்காவில் காடுமலை சுற்றுபவர்களும் பண்ணைக்காரர்களும் வாங்கித் தங்கள் தேவைக்கு மாற்றிக்கொள்கிறார்கள்.

முதல் வேலை இணைப்பு. ராணுவ டிரெய்லரின் முன்முனையில் இருப்பது கனத்த வளையம்; அதை மாட்ட, இழுக்கும் வண்டியில் வாய் மூடும் கொக்கி வேண்டும். சாதாரணக் கார்களில் இருப்பதோ இரும்புக் குண்டு. தார்ச்சாலையில் மட்டும் ஓட்டுபவர் வளையத்தைக் கழற்றிவிட்டுக் குண்டுக்கேற்ற கவ்வியைப் பொருத்திக்கொள்ளலாம். பாறைப் பாதைக்குப் போகிறவர் வளையத்தை விடாமலிருப்பதே நல்லது. சத்தம் போடும்தான், ஆனால் டிரெய்லர் ஒரு பக்கம் நன்றாகச் சாய்ந்தாலும் இணைப்பு முறுக்கிக்கொள்ளாது.

அடுத்தது மின்சாரம். எம்416இன் விளக்குகள் 24 வோல்ட்டில் எரிபவை; காரில் வருவது 12 வோல்ட். பல்பு மங்கித் தூங்கும். ஆகவே பின்விளக்குகளையும் செருகியையும் மாற்றியே ஆக வேண்டும்.

பெயின்ட் சுரண்டும்போதுதான் உண்மையான ஆபத்து. 1980களிலிருந்து அமெரிக்க ராணுவம் ரசாயனத் தாக்குதலைத் தாங்கும் பூச்சைப் பயன்படுத்தியது. அந்தப் பூச்சு அடுக்குகளில் குரோமியம் கலந்த நச்சு நிறமிகள் இருக்கக்கூடும். உலர்வாகத் தேய்த்து அந்தத் தூசியைச் சுவாசிக்கக் கூடாது.

பலரும் ஆசைப்படுவது பின்பக்கத்தை அறுத்துக் கதவு வைக்க. பெட்டிகளை ஏற்றி இறக்க வசதிதான். ஆனால் நாலு பக்கமும் ஒன்றாகப் பற்றவைத்திருப்பதால்தான் தொட்டிக்கு அந்த விறைப்பு. அறுத்த இடத்தில் சட்டம் கொடுத்து வலுவூட்டாவிட்டால் தகடு நெளியும், மிதக்கும் குணமும் போய்விடும். மேலே கீலோடு ஒரு மூடி போட்டு, அதன்மேல் கூடாரம் பொருத்துவதே புத்திசாலித்தனம்.

அந்தக் கூடாரத்தின் எடையும் 227 கிலோவுக்குள்தான் அடங்க வேண்டும். 75 லிட்டர் தண்ணீர்த் தொட்டி வைத்தால் மூன்றில் ஒரு பங்கு அதற்கே போய்விடும். அதை அச்சுக்குச் சற்று முன்னால் வைக்க வேண்டும்; மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இணைப்பின்மேல் அழுத்தாவிட்டால், வேகமெடுக்கும்போது டிரெய்லர் பக்கவாட்டில் ஆடத் தொடங்கிவிடும்.