சுண்டெலி ஏன் மறந்தது?

வயிற்றில் பூச்சி இருந்தால் வயிறு வலிக்கும், உடம்பு இளைக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அதுவே மூளைக்குள் போய்விட்டால்? ஆய்வுக்கூடத்துச் சுண்டெலிகள் இதற்குப் பதில் சொல்லியிருக்கின்றன.

இந்தப் புழுவின் பெயர் டோக்சோகாரா கேனிஸ். நாயின் குடலில், அதிலும் குட்டிகளின் குடலில் அதிகமாக வாழும் உருளைப்புழு. நாயின் மலத்தோடு இதன் முட்டைகள் ஆயிரக்கணக்கில் மண்ணில் விழும். அவை கண்ணுக்குத் தெரியாது. இரண்டு, மூன்று வாரங்களில் முட்டைக்குள் இளம்புழு தயாராகிவிடும்.

எலிக்குள் பயணம்

அந்த முட்டையை எலி விழுங்கினால் என்ன ஆகும்? குடலில் முட்டை பொரியும். வெளியே வரும் இளம்புழுவின் நீளம் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. அது குடல் சுவரைத் துளைத்து, ரத்தத்தில் கலந்து, கல்லீரல், நுரையீரல் என்று சுற்றும். எலியின் உடலில் அதனால் முழுப் புழுவாக வளர முடியாது. அதனால் தசையிலும் மூளையிலும் போய்த் தங்கிவிடும்.

மூளைக்குள் அது ஊர்ந்து போகும் வழியில் ரத்தக் கசிவும் வீக்கமும் உண்டாகும். மின்கம்பிக்கு மேலே பிளாஸ்டிக் உறை இருக்கிறதல்லவா? நம் நரம்பிழைகளுக்கும் மையலின் என்ற உறை உண்டு. அந்த உறையும் சிதையும். செய்திகள் ஒழுங்காகப் போகாது.

தண்ணீர் எங்கே?

அயர்லாந்தில், டப்ளின் நகர டிரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் 2001இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். தாகமாக இருக்கும் சுண்டெலிகள் தண்ணீரைக் கண்டுபிடிக்க வேண்டும். புழு தொற்றிய எலிகளுக்குக் கூடுதல் நேரம் பிடித்தது. அவற்றின் நினைவாற்றல் குறைந்திருந்தது.

இதனால் புழுவுக்கு என்ன லாபம்? சுறுசுறுப்பு இழந்த எலி, நாயிடமோ நரியிடமோ எளிதில் சிக்கும். எலியைத் தின்ற விலங்கின் குடலில் இளம்புழு முழுப் புழுவாகும். இப்படியும் இருக்கலாம் என்பது விஞ்ஞானிகளின் கருத்து.

நாம் என்ன செய்யலாம்?

எலிக்கு நடப்பதெல்லாம் மனிதருக்கும் அப்படியே நடக்கும் என்று எண்ணிப் பயப்படாதீர்கள். ஆனால் இந்த முட்டை மண்பட்ட கை வழியாக நம் வாய்க்குள்ளும் போகலாம். கல்லீரலையோ கண்ணையோ பாதிக்கலாம். அபூர்வமாக மூளையையும் பாதிக்கலாம்.

* மண்ணில் விளையாடியதும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். நகத்தைக் கடிக்காதீர்கள்.
* காய், பழங்களை நன்றாகக் கழுவித் தின்னுங்கள்.
* நாய்க்குட்டி வளர்த்தால், அதற்குப் பூச்சி மருந்து கொடுக்கக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோகச் சொல்லுங்கள். தாயின் வயிற்றில் இருக்கும்போதே குட்டிக்குப் புழு தொற்றிவிடும். அது குட்டியின் குற்றம் இல்லை. கல்லால் அடித்து விரட்டாதீர்கள்.
* நாயின் மலத்தை அன்றன்றே அப்புறப்படுத்தச் சொல்லுங்கள். முட்டைக்குள் புழு வளர வாரக்கணக்கில் ஆகும் என்று படித்தீர்களே, அதற்குள் அகற்றிவிட்டால் ஆபத்து இல்லை.

அந்தச் சின்னஞ்சிறு எலிகள் நோயைச் சுமந்து நமக்குச் சொல்லித் தந்த பாடம் இது. மறக்கமாட்டீர்கள்தானே?