திராவகத் தொட்டியில் எஃகு

மகாராஷ்டிரத் தொழில் வளர்ச்சிக் கழகம் 1962-ஆம் ஆண்டில் தன் பணியைத் தொடங்கியது தாணேயிலுள்ள வாக்ளே தொழிற்பேட்டையில். இத்தகைய பேட்டைகளில் கம்பி இழுப்போர்க்கும், இரும்புச் சாமான்களுக்குத் துத்தநாகம் பூசுவோர்க்கும் முதல் வேலை ஒன்றே: உலையிலிருந்து வந்த எஃகின்மேற் படிந்த கருஞ்செதிலையும் துருவையும் போக்குதல். அதற்காக எஃகை ஹைட்ரோகுளோரிக் திராவகத்தில் அமிழ்த்துகின்றனர்.

செதில் கரைந்துவிடும். ஆனால் திராவகம் அத்துடன் அமைவதில்லை. நல்ல எஃகையே அரிக்கத் தலைப்படுகிறது. இரும்பணுக்கள் தம் எலெக்ட்ரான்களை உலோகத்திலேயே விட்டுவிட்டுத் திராவகத்துள் இறங்குகின்றன. அவற்றை ஹைட்ரஜன் அயனிகள் ஏற்று, வாயுக் குமிழிகளாக மேலெழுகின்றன. எஃகும் வீண், திராவகமும் வீண். குமிழி உடையுந்தோறும் திராவகத் திவலைகள் பறந்து, அருகில் நிற்கும் தொழிலாளியின் கண்ணையும் மார்பையும் எரிக்கின்றன.

1872-இல் மாரங்கோனி, ஸ்டெபனெல்லி என்னும் இத்தாலியர் இருவர், வச்சிரம், ஜெலட்டின், தவிடு ஆகியவற்றின் சாறு இவ்வரிப்பைத் தடுப்பதை அறிவித்தனர். தச்சன் வீட்டு வச்சிரமும் மாட்டுக்கு வைக்கும் தவிடும் எஃகைக் காக்குமா என்று நேயர்கள் வியக்கலாம். பிற்காலத்தில் வந்த ஹெக்ஸமீன், தயோயூரியா, க்வினோலின் போன்ற கரிமச் சேர்மங்களும் அவ்வினத்தனவே. இவற்றிலுள்ள நைட்ரஜன் அல்லது கந்தக அணு, தன்னிடமுள்ள இணை எலெக்ட்ரான்களால் எஃகைப் பற்றிக்கொள்கிறது. மூலக்கூற்றின் எஞ்சிய பகுதி மெல்லிய போர்வையாகப் படர்ந்து திராவகத்தை விலக்குகிறது. பெரும்பாலும் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைந்த அளவே போதும்.

மும்பைக்கு மேற்கே, 1974-இல் எண்ணெய் கண்ட பம்பாய் ஹையிலும் இவற்றுக்கு வேலையுண்டு. அங்கே எண்ணெய் சுண்ணாம்புப் பாறையில் உறைகிறது. பாறையின் நுண்துளைகளைத் திறக்கத் திராவகம் செலுத்தும்போது, அது இறங்கும் எஃகுக் குழாயையும் காக்கவேண்டுமல்லவா? ஆழத்தின் வெப்பத்தில் எளிய போர்வைகள் கழன்றுவிடும். ப்ரோபார்ஜில் ஆல்கஹால் அவ்வெப்பத்திலும் பயன்தரும். ஆனால் அது நச்சு. ஆதலால் நம் ஆய்வுக்கூடங்கள் இலைச்சாறுகளையும் சோதித்து வருகின்றன. 1953-இல் திறக்கப்பெற்ற காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்திலும் உலோக அரிப்பு முக்கியமானதோர் ஆய்வுத்துறை.

எடை குறையவில்லை என்பதை மட்டும் கண்டு மகிழ்வோர் ஒன்றை மறக்கின்றனர். தயோயூரியா சில நிலைகளிற் சிதைந்து ஹைட்ரஜன் சல்பைடைத் தரும். அப்போது ஹைட்ரஜன் அணுக்கள் குமிழியாக வெளியேறாமல் எஃகினுள்ளே புகும். பார்வைக்குப் பழுதற்ற உறுதிமிக்க கம்பி, பளு ஏற்றியபின் திடீரென முறியும். ஆகவே மாதிரித் துண்டொன்றை நிறுத்து, தொட்டியில் அமிழ்த்தி, மீண்டும் நிறுத்தால் போதாது. அதை வளைத்தும் பார்க்கவேண்டும்.